மரஸ்கா மரத்தையும் சொல்லியிருக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இத்தாலியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தயாரித்துவரும் லிக்யூர் வகைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் தொடங்கியிருக்கும் தொடரின் முதல் பகுதியை வாசித்தேன். நம் நாளிதழ்கள் எளிதில் தொடாத ஒரு பொருளை எடுத்துக்கொண்டமைக்கு முதலில் என் நன்றி. ஆனால் லுக்ஸார்தோ குடும்பத்தையும் அவர்களுடைய மரஸ்கீனோ என்னும் செர்ரி லிக்யூரையும் பற்றிய அந்தக் கட்டுரை, இருநூறு ஆண்டு வரலாற்றை 'பூட்டி வைக்கப்பட்ட ரகசியச் செய்முறை' என்ற ஒன்றிலேயே அடக்கிவிட்டது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. முப்பது ஆண்டுகள் தோட்டக்கலை கற்பித்தவன் நான். அதற்கு முன்பு இளம் ஆய்வாளனாக, தமிழர்கள் புனித அந்தோணியாரின் பெயரோடு சேர்த்தே அறிந்திருக்கும் பதுவை நகரில் இரண்டு ஆண்டுகள் தங்கியிருந்தேன். லுக்ஸார்தோ வடிப்பாலை இன்று இருக்கும் தொரேல்யா என்ற சிற்றூர் பதுவைக்குத் தென்மேற்கே, யூகேனிய மலைகளின் அடிவாரத்தில், சிறிது நேரப் பேருந்துப் பயண தூரத்தில் உள்ளது. ஆகவே, கட்டுரையில் விடுபட்டுப்போன சிலவற்றை எழுத வேண்டியது என் கடமை என்று கருதுகிறேன்.

பெயரிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. கட்டுரை இதனை 'மராஷினோ' என்றும், ஓரிடத்தில் 'செர்ரிச் சாராயம்' என்றும் குறிப்பிடுகிறது. இத்தாலியர் வாயில் அது மரஸ்கீனோ. மரஸ்கா என்னும் புளிப்புச் செர்ரியிலிருந்து வந்த பெயர். மரஸ்கா என்ற சொல்லோ கசப்பைக் குறிக்கும் 'அமாரோ'வின் வழிவந்தது. லிக்யூரைச் சாராயம் என்று எழுதுவது வாசகரைத் தவறான இடத்துக்கு அழைத்துச் செல்லும். பழம், பூ, வேர், பட்டை, விதை ஆகியவற்றின் மணத்தை வடிசாராயத்தில் இறக்கிச் சர்க்கரை சேர்த்த பானமே லிக்யூர். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளின்படி, சில விலக்குகள் நீங்கலாக, லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் சர்க்கரை இருந்தால்தான் அந்தப் பெயரைப் புட்டியின் பெயர்ச்சீட்டில் அச்சிட முடியும். மரஸ்கீனோவுக்கு அவ்விதிகளில் தனி இடமே உண்டு: அது நிறமற்றதாக இருக்க வேண்டும், லிட்டருக்கு 250 கிராம் சர்க்கரையேனும் வேண்டும், 24 விழுக்காட்டுக்குக் குறையாத ஆல்கஹால் வேண்டும், மணம் முதன்மையாக மரஸ்கா செர்ரியின் வடிநீரிலிருந்தே வர வேண்டும். யவனர் கலங்களில் வந்திறங்கிய நறுமணத் தேறலைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கும்போது, தெளிந்த பானத்துக்குத் தேறல் என்ற நல்ல சொல் நம்மிடமே இருக்கும்போது, எல்லாவற்றுக்கும் சாராயம் என்ற ஒரே சொல்லைப் போடுவது எழுதுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் நியாயம் செய்வதாகாது.

அடுத்ததாக, லுக்ஸார்தோ குடும்பம்தான் மரஸ்கீனோவைக் கண்டுபிடித்தது என்று கட்டுரை சொல்கிறது. அது சரியன்று. ஏட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரையில், தல்மாத்தியாவில் இருக்கும் ஸாரா நகரமே இந்தப் பானத்தின் தாயகம். இன்று அது குரோவேஷியாவின் ஸாதர். அங்கே டொமினிக்கன் துறவிகளின் மருந்துக்கூடத்தில் 16-ஆம் நூற்றாண்டிலேயே இது மருந்தாக வடிக்கப்பட்டதாக மரபுவழிச் செய்தி உண்டு. தொழிலாக அதனை வளர்த்தவர்களில் பிரான்செஸ்கோ திரியோலி என்பவர் 1759-ஆம் ஆண்டிலேயே ஸாராவில் ஆலை நடத்தத் தொடங்கிவிட்டார். ஜிரோலமோ லுக்ஸார்தோ அவருக்கு அறுபது ஆண்டு இளையவர் என்றே சொல்லலாம். லிகூரியக் கடற்கரையிலிருந்து, சார்தீனிய அரசின் தூதரகப் பிரதிநிதியாக ஸாராவுக்கு வந்தவர் அவர். அவருடைய மனைவி மரியா கனேவாரி வீட்டிலேயே மரஸ்கா செர்ரியைக் கொண்டு ரொசோலியோ என்னும் இன்பானத்தைத் தயாரித்து, அதைத் திருத்தித் திருத்திச் செம்மை செய்தார். விருந்தினர்களிடையே அதற்குக் கிடைத்த வரவேற்பைக் கண்ட பிறகுதான் கணவர் 1821-இல் வடிப்பாலையைத் தொடங்கினார். 1829-இல் ஆஸ்திரியப் பேரரசரின் தனிச்சலுகையும் கிடைத்தது. கட்டுரையில் ஜிரோலமோவின் பெயர் பலமுறை வருகிறது. மரியா கனேவாரியின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. அடுப்பங்கரையில் பிறந்த ஒரு பொருளின் வரலாற்றை எழுதும்போது, அந்த அடுப்பங்கரைக்கு உரியவரை விட்டுவிடுவது சிறிய பிழையாக எனக்குத் தோன்றவில்லை.

இனி, ரகசியம் என்று சொல்லப்படுவதைப் பார்ப்போம். செய்முறையின் போக்கு வெளியுலகம் அறிந்ததே. அந்நிறுவனமே அதைச் சொல்லி வந்திருக்கிறது. கோடையின் முற்பகுதியில் பழம் பறிக்கப்படுகிறது. மரஸ்கா சிறியது, கருஞ்சிவப்பானது, அப்படியே தின்றால் புளிப்பும் கசப்பும் நாவைச் சுருட்டிக்கொள்ளும். பிழிந்த சாறு வேறு பானங்களுக்குப் போகிறது. கவிஞர் கப்ரியேலே தன்னூன்சியோ 1919-இல் 'மொர்லாக்கரின் குருதி' என்று பெயர் சூட்டிய அடர்செந்நிறச் செர்ரி லிக்யூர் அவற்றுள் ஒன்று. மரஸ்கீனோவுக்கு வேண்டியது சாறு அன்று. எஞ்சிய தோலும் கொட்டையும், அவற்றோடு இலையும் காம்பும்தான். அவை லார்ச் மரத்தொட்டிகளில் ஆல்கஹாலில் நெடுங்காலம் ஊறுகின்றன. பிறகு வாலைகள் எனப்படும் செம்பு வடிகலங்களில் வடிக்கப்படுகின்றன. முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கிவிட்டு, நடுவில் வரும் தெளிவை மட்டும் பிடித்து, ஆஷ் மரத்தொட்டிகளில் ஆண்டுக்கணக்கில் முதிர வைக்கிறார்கள். ஓக் மரத்தை ஏன் பயன்படுத்துவதில்லை என்று கேட்கலாம். ஓக் தன் நிறத்தைப் பானத்துக்கு ஏற்றிவிடும். ஆஷ் அப்படிச் செய்யாது. அதனால்தான் ஆண்டுகள் கழித்தும் மரஸ்கீனோ நீர்போல் தெளிவாக நிற்கிறது. இறுதியில் நீரும் சர்க்கரையும் சேர்த்து 32 விழுக்காட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். கொட்டையிலிருந்து இறங்கும் வாதுமை மணமே அதன் அடையாளம்.

ஓமத் தீநீர் வடிக்கும் வாலையைப் பார்த்திருக்கும் நம் சித்த மருத்துவர்களுக்கு இதில் புரியாதது எதுவும் இருக்காது. சரக்கின் மணத்தை ஆவியில் ஏற்றி, குளிரவைத்து, துளித்துளியாகப் பிடிக்கும் அதே நுட்பம்தான். பதுவையின் தாவரவியல் பூங்காவில் நான் நாள்தோறும் நடந்த பாதைகள்கூட, மருத்துவம் பயிலும் மாணவர்கள் மூலிகைகளைத் தவறின்றி அடையாளம் காணக் கற்க வேண்டும் என்பதற்காக 1545-இல் அமைக்கப்பட்டவையே. இத்தாலியின் பழைய லிக்யூர்களில் பெரும்பாலானவை மதுக்கடைகளில் பிறந்தவை அல்ல. துறவியர் மடங்களின் மருந்தறைகளிலும், நகரத்து மருந்துக் கடைகளிலும், வீட்டு அடுப்புகளிலும் பிறந்தவை.

செய்முறை இவ்வாறு தெரிந்தே இருக்கும்போது, அந்தக் குடும்பம் உண்மையில் இழக்கக்கூடியது எது, இழந்தது எது, மீட்டது எது என்பதையே கட்டுரை கேட்டிருக்க வேண்டும். 1913-இல் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்த மிக்கேலாஞ்செலோ லுக்ஸார்தோ, ஸாராவின் கடலோரத்தில் புதிய ஆலையை எழுப்பினார். அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் மிகப் பெரிய வடிப்பாலைகளில் அதுவும் ஒன்று. முதல் உலகப் போருக்குப் பின், 1920-ஆம் ஆண்டின் ராப்பல்லோ உடன்படிக்கையால் ஸாரா இத்தாலிக்கு வந்தது. 1943 நவம்பரிலிருந்து நேச நாடுகளின் விமானங்கள் அந்தச் சிறு நகரத்தின் மீது மீண்டும் மீண்டும் குண்டு வீசின. நகரத்தின் பெரும்பகுதியும், அதனோடு ஆலையும் இடிந்தன. 1944 அக்டோபர் இறுதியில் யூகோஸ்லாவியப் போராளிப் படை நகருக்குள் வந்தது. நான்காம் தலைமுறையின் சகோதரர்களில் பியெத்ரோவும் நிக்கோலோவும், நிக்கோலோவின் மனைவி பியாங்காவும் அவ்வாண்டில் கொல்லப்பட்டார்கள். நிக்கோலோவும் பியாங்காவும் கடலில் மூழ்கடிக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கான இத்தாலியர்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். உயிரோடு எஞ்சிய சகோதரர் ஜியோர்ஜியோ இத்தாலிக்கு வந்து சேர்ந்து, ஐந்தாம் தலைமுறை இளைஞர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, 1947-இல் தொரேல்யாவில் மறுபடியும் தொழிலைத் தொடங்கினார். அதே ஆண்டில்தான் பாரிஸ் உடன்படிக்கையின்படி ஸாரா முறைப்படி யூகோஸ்லாவியாவுக்கு உரியதாயிற்று. திரும்பிச் செல்லும் வழி அத்துடன் அடைபட்டது.

இந்த இடத்தில் கட்டுரை, 'செய்முறை அவர் நினைவில் இருந்ததால் தொழில் பிழைத்தது' என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது. தோட்டக்காரனாகிய என்னால் இந்த வரியை எளிதில் கடந்துபோக முடியவில்லை. செய்முறை நினைவில் இருக்கலாம், செம்பு வாலையைப் புதிதாக அடித்து வாங்கலாம், தொட்டியைத் தச்சரிடம் சொல்லிச் செய்யலாம். மரஸ்காவுக்கு எங்கே போவது? அதன் மரங்கள் தல்மாத்தியாவில், எல்லைக்கு அப்பால் நின்றன. வேறு புளிப்புச் செர்ரியை வடித்தால் வேறு பானம்தான் கிடைக்கும். விதையைக் கொண்டுவந்து முளைக்கவைத்தால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். மல்கோவாக் கொட்டையைப் புதைத்து மல்கோவாவை எதிர்பார்க்கிறவர்கள் நம் ஊரில் இன்றும் உண்டு. அவர்களுக்குச் சொல்வதையே இங்கும் சொல்ல வேண்டும். தாய்மரத்தின் குணம் அப்படியே வர வேண்டுமானால் அதன் உயிருள்ள ஒட்டுக்குச்சியோ, மொட்டோ, வேர்க்கன்றோ கையில் இருக்க வேண்டும். எவ்வளவு துல்லியமான குறிப்பேடும் அதற்கு ஈடாகாது.

அந்த உயிருள்ள குச்சி புளோரன்சில் இருந்தது. புளோரன்ஸ் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிஞர் மொரெத்தினி, போருக்கு முன்பே ஆய்வுக்காகத் தல்மாத்தியாவின் மரஸ்காவைக் கொண்டுவந்து வளர்த்திருந்தார். நகரம் எரிந்து, ஆலை தகர்ந்து, குடும்பம் சிதறியிருந்த காலத்தில், ஓர் ஆசிரியரின் நாற்றங்காலில் அந்தச் செர்ரி ஆண்டுதோறும் பூத்துக்கொண்டிருந்திருக்கிறது. அங்கிருந்து பெற்ற கன்றுகளைக் கொண்டுதான் யூகேனியச் சரிவுகளில் மரஸ்காத் தோட்டம் எழுந்தது. இன்று அந்த வகையை 'மரஸ்கா லுக்ஸார்தோ' என்று குடும்பப் பெயரோடு சேர்த்தே அழைக்கிறார்கள். ஒட்டுக்கன்று நட்டவுடன் பலன் தருவதில்லை. பழத்துக்கு ஆண்டுகள், தொட்டியில் ஊறலுக்கு ஆண்டுகள், முதிர்ச்சிக்கு மேலும் ஆண்டுகள். தோட்டம் விரிந்த அந்தக் காலம் முழுவதையும் கட்டுரை ஒரு வாக்கியத்தில்கூடத் தொடவில்லை. எனக்கோ இந்த வரலாற்றில் மிகவும் போற்றத்தக்கது அந்தக் காலந்தான்.

நான் பதுவையில் இருந்த முதல் ஆண்டு, ஜூன் மாதக் கடைசியில் ஒருநாள் தொரேல்யாவுக்குச் சென்றேன். வடிப்பாலைக்குள் செல்லவில்லை, மரங்களைப் பார்க்கவே போனேன். எரிமலைப் பாறையால் ஆன சிறுசிறு குன்றுகள், சரிவெங்கும் திராட்சைக் கொடிகள், இடையிடையே செர்ரி வரிசைகள். வேலியோரம் நின்றிருந்த முதியவர் ஒருவர், என் ஆர்வத்தைக் கண்டு ஒரு கைப்பிடி பழம் கொடுத்தார். முதல் பழத்தை வாயில் இட்டபோது முகம் சுளித்தேன். அவர் சிரித்துவிட்டு, கொட்டையைக் கடித்து முகர்ந்துபார் என்று சைகை காட்டினார். கடித்ததும் எழுந்த அந்த வாதுமை வாசனை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என் நினைவில் இருக்கிறது. ஓர் ஊரின் மண்ணிலிருந்து பெயர்ந்த மரம் வேறொரு மண்ணில் இவ்வளவு உறுதியாக வேர்பிடித்திருப்பதை அன்று கண்ணால் கண்டதே, இவ்வளவு நீண்ட மடலை எழுத என்னைத் தூண்டியது என்று நினைக்கிறேன்.

இத்தாலியக் குடும்பத்தின் துயரத்தைப் பேசும்போது மறுகரையை மறந்துவிடவும் கூடாது. ஸாராவில் எஞ்சிய ஆலைகளை யூகோஸ்லாவிய அரசு நாட்டுடைமையாக்கி ஒன்றிணைத்தது. அதிலிருந்து வளர்ந்த மரஸ்கா என்ற நிறுவனம் ஸாதரில் இன்றும் மரஸ்கீனோ தயாரிக்கிறது. தல்மாத்தியக் குடியானவர்கள் அந்தச் செர்ரியை வளர்ப்பதை நிறுத்தவில்லை. மரஸ்கீனோவைக் குரோவேஷியர்கள் தங்கள் மண்ணின் பானமாகக் கருதுவதும் முற்றிலும் நியாயமே. வெனிஸ், ஆஸ்திரியா, இத்தாலி, யூகோஸ்லாவியா, குரோவேஷியா என்று அந்த நகரத்தின் மீது பறந்த கொடிகள் மாறிக்கொண்டே வந்தன. ஆகவே, 'இத்தாலியருக்கு மட்டுமே உரிய மரபு' என்ற கட்டுரையின் தலைப்புவரியைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கட்டுரையோடு அச்சிட்ட படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பளபளக்கும் இளஞ்சிவப்புச் செர்ரிகள் நிறைந்த கண்ணாடிப் புட்டியைப் போட்டு, 'மரஸ்கீனோவின் மூலப்பொருள்' என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். அது அமெரிக்கத் தொழிற்சாலைப் பண்டம். கால்சியம் உப்புக் கரைசலில் செர்ரியைக் கெட்டிப்படுத்தும் முறையை ஒரெகன் வேளாண் கல்லூரியின் எர்னஸ்ட் வீகண்ட் 1920-களில் செம்மைப்படுத்தினார். வெளுக்கவைத்து, சாயமேற்றி, சர்க்கரைப் பாகில் இட்டு, கசப்பு வாதுமை எண்ணெயால் மணமூட்டிய செர்ரிக்கே மரஸ்கீனோ செர்ரி என்ற பெயர் பொருந்தும் என்று அமெரிக்க அரசே 1940-இல் வரையறுத்தது. நம் ஊர் பேக்கரிகளில் கேக்கின் மீது வைக்கப்படும் 'செர்ரி'யோ பல நேரங்களில் செர்ரியே அன்று. களாக்காயைச் சாயப்பாகில் ஊறவைத்தது. களாக்காயை நான் குறைத்துப் பேசவில்லை, அது நல்ல பழம். ஆனால் மரஸ்கா என்றால் அதுதான் என்று வாசகர் எண்ணிக்கொள்ள இடம் தரக்கூடாது. லுக்ஸார்தோ தயாரிக்கும் செர்ரிப் பாகிலுள்ள பழம் கறுப்புக்கு மிக அருகில் இருக்கும் செந்நிறம் கொண்டது.

குடும்பத் தொழில் என்பதாலேயே ஒரு பொருள் சிறந்ததாகிவிடும் என்று நான் வாதிடவில்லை. குடும்பங்கள் விற்பதும் உண்டு. சிசிலியின் கல்தனிசெத்தாவில் 1868-இல் தொடங்கிய அவெர்னா என்னும் கசப்பு லிக்யூரின் நிறுவனம் 2014-இல் கம்பாரி குழுமத்தின் கைக்குப் போனது. அதற்காக அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் இன்று நட்ட மரத்தின் பலனை எட்டு, பத்து ஆண்டுகள் கழித்துப் புட்டியில் காணும் தொழிலில், காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் கேட்கும் முதலீட்டாளரைவிட, பேரப் பிள்ளைகளை மனத்தில் வைத்துக் கணக்குப் போடும் உரிமையாளரால் பொறுத்திருக்க முடிகிறது என்பது என் எண்ணம். லுக்ஸார்தோவில் இப்போது ஆறாம், ஏழாம் தலைமுறையினர் பணியாற்றுகிறார்கள். புட்டியைச் சுற்றி அவர்கள் இன்றும் பின்னிவரும் வைக்கோல் உறையைக்கூடக் கட்டுரை 'பழமைத் தோற்றத்துக்கான அலங்காரம்' என்று எழுதிவிட்டது. கடல்வழியாக அனுப்பிய கண்ணாடிப் புட்டிகள் மோதி உடையாமல் இருக்கவே அந்த உறை முதலில் பின்னப்பட்டது.

தொடரின் அடுத்த பகுதி பெனெவெந்தோ நகரின் ஸ்த்ரேகா லிக்யூரைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். 1860-இல் ஜுசேப்பே அல்பெர்த்தி தொடங்கிய அந்த நிறுவனத்தைப் பற்றி எழுதும்போது, சூனியக்காரி என்று பொருள்படும் அந்தப் பெயருக்கேற்பச் சூனியக்காரிகளும் அவர்கள் கூடியாடிய அக்ரூட் மரமும்தான் முன்னால் வந்து நிற்கும். அவற்றைச் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பானத்தின் மஞ்சள் நிறம் குங்குமப்பூவிலிருந்து வருகிறது. ஏறத்தாழ எழுபது மூலிகைகளும் நறுமணச் சரக்குகளும் அதில் சேர்கின்றன. அவற்றில் எவை அந்த ஊர் மலைகளில் விளைகின்றன, எவை கடல் கடந்து வருகின்றன, அவற்றை யார் பறிக்கிறார்கள், யார் உலர்த்துகிறார்கள் என்பதைக் கட்டுரையாளர் விசாரித்து எழுதினால், என்னைப் போன்ற வாசகர்கள் பலர் நன்றியோடு வாசிப்போம். முதல் பகுதிக்கான திருத்தத்தையும் அதே இதழில் வெளியிட்டால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தோட்டக்கலை ஆசிரியர்,
பெரியகுளம்